கொழும்பில் வாங்கிய கல்லிடைக்குறிச்சி அப்பளம்

இருபத்தெட்டு வருடம் கடை கடையாக ஏறி விலை கேட்பதையே உத்தியோகமாகச் செய்து சம்பளம் வாங்கிய நான், ஒரு முறை கடல் தாண்டிக் கொழும்புக்குப் போய், கல்லிடைக்குறிச்சியில் செய்த அப்பளத்தை ஊர் விலைக்கு மேல் பாதி சேர்த்துக் கொடுத்து வாங்கி, விமானத்தில் ஏற்றித் திருநெல்வேலிக்கே திரும்பக் கொண்டுவந்திருக்கிறேன். அப்பளத்தோடு நின்றிருந்தாலும் வாய் தவறியது போலக் கை தவறியது என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். கூடவே பத்தமடைப் பாய் மூன்று, எவர்சில்வர் தூக்குவாளி மூன்று, பருத்தி நைட்டி மூன்று. எல்லாம் இந்தியாவில் செய்து அங்கே போனவை.

மதுரை விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் பெட்டியைத் திறந்து, ஒரு பாயை வெளியே இழுத்தார்.

"சார், இது பத்தமடைப் பாயில்ல?"

"ஆமா."

"பத்தமடை எங்கிட்டு இருக்கு?"

"எங்க வீட்டுல இருந்து பஸ்ஸுல அரை மணி நேரம்."

"அப்ப இதை எதுக்கு அங்க போயி வாங்கிட்டு வாரீக?"

"விலை தெரிஞ்சுக்கலாம்னுதான்."

அவர் இன்னொருவரைக் கூப்பிட்டார். இரண்டு பேருமாகப் பாயை விரித்துத் தங்கம் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார்கள். பாய்க்குள் பாய்தான் இருந்தது. வாளிக்குள் கையை விட்டுத் துழாவினார்கள். கடைசியில் என்னைப் போகச் சொல்லிவிட்டு, "பாவம், வீட்டுல ஆளு இல்லை போல" என்று ஒருவர் மற்றவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

இதை இப்போது எழுதக் காரணம், எங்கள் புள்ளிவிவர ஆபீசில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகள். அவர்கள் கையில் ஆளுக்கொரு டேப்லெட் கொடுத்துவிட்டார்கள். கடையில் நின்று விரலால் தொட்டால் விலை மேலிடத்துக்குப் போய்விடுகிறதாம். நாம் கடையில்தான் நிற்கிறோமா, வீட்டில் காப்பி குடித்துக்கொண்டிருக்கிறோமா என்பதையும் அதுவே சேர்த்துச் சொல்லிவிடுகிறதாம். போன மாதம் ஒரு பெண் என்னைப் பார்த்து, "அந்தக் காலத்துல நோட்டை வச்சு எப்படி சார் சமாளிச்சிய? எங்களுக்கு ஒண்ணு எழுதித் தாங்களேன்" என்றாள். அந்தக் காலம் என்று அவள் சொன்னது, முழங்கால் வலியால் நான் விருப்ப ஓய்வு வாங்குவதற்கு முந்தின காலத்தை. அதாவது மூன்று வருடத்துக்கு முன்னால். எனக்கு வயது ஐம்பத்தாறு. அவள் பார்வையில் கல்வெட்டுப் படிக்கத் தெரிந்தவன்.

வேலைக்குச் சேர்ந்ததும் சென்னையில் இரண்டு வாரம் பயிற்சி கொடுத்தார்கள். அதில் எனக்கு நினைவிருப்பது மதியச் சாப்பாட்டில் கொடுத்த ரசம். மற்றதெல்லாம் ஞானராஜ் சாரிடம் கற்றது.

ஞானராஜ் சார் எங்கள் மேலதிகாரி. பாளையங்கோட்டைக்காரர். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிற அதே சலவைச் சட்டையும் அதே நேரமுமாக ஆறு நாளும் ஆபீசுக்கு வருவார். யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. தப்பைக் கண்டால் கண்ணாடியைக் கழற்றுவார், கைக்குட்டையால் துடைப்பார், கைக்குட்டையை நாலாக மடித்துப் பைக்குள் வைப்பார், அதற்குப் பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்பார். அந்த மடிப்பு முடிவதற்குள் நமக்கு வியர்த்துவிடும். மேசையில் கடிதம் எடை போடுகிற சின்னத் தராசு ஒன்று வைத்திருந்தார். பிஸ்கட் பாக்கெட்டையும் சோப்பையும் அதில்தான் நிறுப்பார். "விலை ஏறலைன்னு எழுதியிருக்கீரு. சோப்பு இறங்கியிருக்கே, பார்த்தீரா?" என்பார்.

அவருடைய விதிகள் நான்கு. போணி ஆவதற்கு முன் எந்தக் கடையிலும் ஏறக் கூடாது. முதல் வியாபாரம் நடக்காத கடையில் சும்மா விலை கேட்கிறவன் அன்றைக்கு அந்தத் தெருவுக்கே ஆகாதவன். எந்தப் பொருளுக்குப் போன மாதம் விலை கேட்டோமோ அதே பொருளுக்கு, அதே தரத்துக்குத்தான் இந்த மாதமும் கேட்க வேண்டும். மூன்று கடையில் கேட்க வேண்டும்; ஒரு கடை விலை வதந்தி, இரண்டு கடை விலை சந்தேகம், மூன்று கடை விலைதான் விலை. நான்காவது, கேட்கிற கடையில் எதையும் வாங்கக் கூடாது. வாங்கினால் கடைக்காரர் நமக்குச் சினேகிதர் ஆகிவிடுவார், சினேகிதருக்குச் சொல்லுகிற விலை ஊர் விலை ஆகாது.

இந்த நான்காவது விதியால் நான் கெட்ட பெயர் எடுத்த கடைகளில் முதலாவது, மார்க்கெட் பக்கம் இருந்த சுடலைமுத்து அண்ணாச்சியின் பலசரக்குக் கடை. பன்னிரண்டு வருடம் மாதா மாதம் போய் நாற்பது சாமானுக்கு விலை கேட்டிருக்கிறேன். ஒரு உப்புப் பாக்கெட் வாங்கியதில்லை. மார்க்கெட்டில் எனக்கு 'விலை சார்' என்று பெயர் வைத்தது அவர்தான்.

ஒரு நாள் நான் துவரம்பருப்பில் இருக்கும்போது அண்ணாச்சி என் நோட்டை மூடிவிட்டார்.

"வே, உம்மகிட்ட ஒரு காரியம் இருக்கு. இங்கன இரியும்."

பன்னிரண்டு வருடத்தில் முதல் முறையாக எனக்கு ஸ்டூல் போடப்பட்டது.

அண்ணாச்சியின் ஒரே மகள் பேச்சி கொழும்பில் வாழ்க்கைப்பட்டவள். மாப்பிள்ளை வீட்டார் மூன்று தலைமுறைக்கு முன் இந்தப் பக்கமிருந்து அங்கே போய்க் கடை வைத்தவர்கள். பேச்சி வருடத்துக்கு ஒரு தடவை, இரண்டு காலிப் பெட்டிகளோடு வருவாள். ஒரு மாதம் இருப்பாள். சேலை, நைட்டி, பாத்திரம், பாய், அப்பளம், மருந்து மாத்திரை என்று நிரப்பிக்கொண்டு போவாள். இங்கே வாங்கினால் மலிவு, அதில் டிக்கெட் செலவு கழிந்துவிடும் என்பதுதான் அந்தப் பயணத்துக்கு எப்போதும் சொல்லப்பட்ட நியாயம்.

"இந்த வருசம் மாப்பிள்ளை ஒரு குண்டு போட்டுட்டாரு வே," என்றார் அண்ணாச்சி. "அங்க ரூவா மதிப்பு விழுந்து எந்திரிச்சதுக்குப் பொறவு கணக்கெல்லாம் மாறிப்போச்சாம். இந்தியச் சாமான் எல்லாம் அங்கயே கப்பல்ல வந்து கிடக்காம். எது எது எவ்வளவு மலிவுன்னு எழுதி அனுப்புங்க, பார்ப்போம்கிறாரு. நான் எழுதுனா நம்புவாரா? நீரு சர்க்கார் விலைக்காரரு. நீரு எழுதித் தாரும்."

"மலிவு இல்லைன்னு வந்தா?"

அண்ணாச்சி வீட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"என் வீட்டுக்காரி மகள்கிட்ட பேசணும்னு பதினோரு மாசமாச் சேர்த்து வச்சிருக்கா வே. பிள்ளை வரலைன்னா அம்புட்டையும் என்கிட்டல்லா பேசுவா? அதுவும் போவட்டும். நேத்தே மாடி ரூமுக்கு வெள்ளையடிச்சு, கட்டிலை இழுத்துப் போட்டு, மெத்தையை வெயில்ல காயவச்சிட்டா. இனிமே நான் போயி மக வரலைன்னு சொன்னா, அந்தக் கட்டில்ல என்னைக் கிடத்திருவா."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் சொல்லி முடித்ததும் வெற்றுத் தராசுத் தட்டைத் துணியால் துடைத்தார். மறுபடியும் துடைத்தார்.

இங்கத்திய விலை என் நோட்டிலேயே இருந்தது. அங்கத்திய விலைக்குப் பேச்சியைத் தொலைபேசியில் கேட்டு எழுதிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அண்ணாச்சிக்குச் சரி என்று தலையாட்டியது என் முதல் முட்டாள்தனம்; ஞானராஜ் சாரிடம் யோசனை கேட்டது இரண்டாவது.

"போனில் கேட்டதெல்லாம் கேள்விப்பட்டது. விலை ஆகாது. போய்த்தான் கேட்க வேண்டும்" என்றார்.

"அண்ணாச்சி டிக்கெட் எடுத்துத் தாரேங்கிறார் சார்."

கண்ணாடி கழன்றது. கைக்குட்டை மடிந்தது.

"அவர் கடை நம் பட்டியலில் இருக்கிற கடையா இல்லையா?"

அதனால் என் சொந்தக் காசில் போவதென்று ஆயிற்று. வெளிநாடு போக மேலதிகாரியின் அனுமதி வேண்டும். படிவத்தில் பயணத்தின் நோக்கம் என்ற இடத்தில் சுற்றுலா என்று எழுதினேன். "இருபத்தஞ்சு வருஷமா உம்மை எனக்குத் தெரியும். நீரா சுற்றுலா போறவரு?" என்றார். அடித்துவிட்டு உறவினரைப் பார்க்க என்று எழுதினேன். "பேச்சி உமக்கு என்ன உறவு?" என்றார். கடைசியில் அவரே யோசித்து, 'சொந்த ஆர்வம்' என்று எழுதச் சொன்னார். என் மனைவி அந்தப் படிவத்தைப் பார்த்துவிட்டு, "குற்றாலத்துக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லி நாலு வருசமாக் கேக்கேன். அதுல மட்டும் உங்களுக்குச் சொந்த ஆர்வம் வரலை" என்றாள்.

கொழும்பில் மாப்பிள்ளை வீட்டில்தான் மூன்று நாள் தங்கினேன். மாப்பிள்ளை பேச்சுக் குறைவான மனிதர். காலையில் கடைக்குப் போனால் இரவில்தான் வருவார். நான் வந்த காரியத்தை அவரிடம் சொல்ல வேண்டாம், ஆடிட் நடக்கும்போது கடைக்காரருக்குத் தெரியக் கூடாது என்று நானே பேச்சியிடம் சொல்லி வைத்திருந்தேன்.

முதல் நாள் புறக்கோட்டைச் சந்தையில் இறங்கினேன். அரைக்கைச் சட்டை, பையில் இரண்டு பேனா, தோளில் தோல்பை, கையில் நோட்டு. போணி ஆகிற நேரம் தாண்டிப் பதினொரு மணிக்கு முதல் கடை. எங்கள் விதிப்படி, திருநெல்வேலியில் எந்த நைட்டிக்கு விலை எழுதினேனோ, அதே கம்பெனி, அதே அளவு, மூன்று பொத்தான் நைட்டி இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது. விலை சொன்னார்கள். எழுதிக்கொண்டேன். இரண்டாவது கடையில் விலை கொஞ்சம் இறங்கியது. மூன்றாவது கடையில், "வாங்க ஐயா, இருங்க, சோடா குடிக்கிறீங்களா?" என்று நாற்காலி போட்டார்கள். நைட்டி விலை இன்னும் இறங்கியது. ஐந்தாவது கடைக்கு நான் போகும் முன்பே முதலாளி வாசலுக்கு வந்து நின்றார். பாய், வாளி, அப்பளம் எல்லாமே நம்ப முடியாத மலிவு. பத்தமடையில் நெய்கிறவரின் வீட்டு வாசலில்கூட அந்த விலைக்குப் பாய் கிடைக்காது.

என் உத்தியோகத்தில் ஒரு கடையிலும் எனக்கு யாரும் சோடா கொடுத்ததில்லை. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். நான் கொழும்பு மக்களின் பண்பாட்டை வியந்துகொண்டு மூன்று சோடா குடித்தேன்.

சாயங்காலம் நோட்டைப் பார்த்த பேச்சி சிரித்த சிரிப்பில் கையிலிருந்த காப்பி சிந்தியது.

"விலை மாமா, உங்களை விலைக் கட்டுப்பாட்டு ஆளுன்னு நினைச்சிட்டாவ! வாங்க மாட்டேங்கிய, எழுதுதிய, மூஞ்சியும் இப்படி இருக்கு. இந்த விலைக்கு நான் போய்க் கேட்டா அடிக்க வருவாவ." சட்டென்று அவள் முகம் மாறிவிட்டது. "ஐயோ, இதை இப்படியே எழுதிராதிய மாமா. இதைப் பார்த்தா நான் ஏழேழு சென்மத்துக்கும் ஊருக்கு வர முடியாது."

"அப்ப உண்மை விலை எப்படித்தான் தெரியும்?"

"நோட்டை வீட்டுல போட்டுட்டு, வேட்டியைக் கட்டிட்டுப் போய் வாங்குங்க. துட்டு கைமாறுனாத்தான் விலை."

நான்காவது விதியை மீறலாமா என்று நானாக முடிவு செய்ய முடியவில்லை. ஞானராஜ் சாருக்குப் போன் போட்டேன். விஷயத்தைக் கேட்டதும் அந்தப் பக்கம் கண்ணாடி கழன்றிருக்க வேண்டும். நாலு மடிப்புக்கான நேரம் ஆயிற்று.

"சொந்தப் பயணம். சொந்தக் காசு. வாங்கிக்கொள்ளும்," என்றார். பிறகு, "ஆனால் மூன்று கடை."

அப்படித்தான் எல்லாமே மும்மூன்றாகச் சேர்ந்தது. முதல் நாள் பார்த்த முகத்தை மறைக்க மாப்பிள்ளையின் தொப்பியை இரவல் வாங்கிக்கொண்டு, வேறு தெருவில் இறங்கி, இரண்டு நாள் வாங்கினேன். பேரம் பேசத் தெரியாததால் அசல் விலைக்கும் கொஞ்சம் மேலேயே கொடுத்தேன் என்று பேச்சி சொன்னாள். இரவில் பாயும் வாளியுமாக நான் வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் மாப்பிள்ளை மரியாதையாக எழுந்து நின்று வழி விட்டார்.

ஊருக்கு வந்து, அந்த நைட்டிகளைப் பார்த்து என் மனைவி "இது மூணும் என் உடம்புக்கு இல்லை. யார் உடம்புக்குன்னு சொல்லிட்டு உள்ள வாங்க" என்று கேட்டதை விட்டுவிடுகிறேன். பட்டியலுக்கு வருகிறேன்.

பட்டியல் பாதகமாக வந்தது. சாமான்கள் இங்கேதான் மலிவு, சந்தேகமில்லை. ஆனால் இரண்டு பெட்டி நிறைய வாங்கினாலும் அந்த மலிவு டிக்கெட்டில் முக்கால்வாசிக்குத்தான் தேறியது. மூன்று தடவை கூட்டிப் பார்த்தேன். கூட்டல் எனக்கு நன்றாக வரும் என்பதில் அன்றைக்குத்தான் முதல் முறையாக வருத்தப்பட்டேன்.

இந்த இடத்தில் நான் ஒரு தப்பு செய்தேன். என் உத்தியோக வாழ்க்கையில் தெரிந்தே செய்த ஒரே தப்பு. கருப்பட்டியைப் பட்டியலில் சேர்த்தேன். இங்கே அண்ணாச்சி கடையில் சாக்கில் கிடக்கிற உடைந்த கருப்பட்டி. அங்கே விமான நிலையத்தில் வெளிநாட்டுக்காரர்களுக்காகச் சின்ன ஓலைப்பெட்டியில் வைத்து ரிப்பன் கட்டி விற்கிற பனங்கட்டி. இரண்டுக்கும் கிலோ விலை போட்டுப் பத்துக் கிலோவால் பெருக்கினேன். டிக்கெட் ஜம்மென்று கழிந்துவிட்டது.

அனுப்புவதற்கு முன் ஞானராஜ் சாரிடம் காட்டினேன். காட்டாமல் அனுப்பியிருக்கலாம். இருபத்தைந்து வருடப் பழக்கம், கால் தானாக அவர் அறைக்குப் போயிற்று.

ஆறு பக்கத்தையும் படித்தார். கண்ணாடி. கைக்குட்டை. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

"இது எந்தக் கருப்பட்டி?"

"கருப்பட்டிதான் சார்."

"நீர் கருப்பட்டியை ஒப்பிடலை. பெட்டியை ஒப்பிட்டிருக்கீரு." அடிக்கோலை வைத்து, சிவப்புப் பென்சிலால், அந்த வரியின் மேல் ஒரே நேர்கோடு. டிக்கெட் மறுபடியும் கழியாமல் எழுந்து உட்கார்ந்தது.

எனக்குத் தாங்கவில்லை. வெள்ளையடித்த மாடி ரூமையும், வெயிலில் காய்ந்த மெத்தையையும், அண்ணாச்சி தராசைத் துடைத்ததையும் சொன்னேன். "அந்த அம்மா காத்திட்டு இருக்காங்க சார்."

"அம்மா காத்திருக்கிறதுக்குப் படிவத்துல பத்தி கிடையாது," என்றார். நான் பட்டியலை எடுக்கப் போனேன். அவர் அதை விடவில்லை. "ஆனா சேவைகளுக்குப் பத்தி உண்டு. பொருள் மட்டும் எழுதியிருக்கீரு. ஒரு மாசம் இங்கே இருக்கிற பிள்ளை ஒரு சேவையும் வாங்கலையா? அரைகுறைப் பட்டியலையா என்கிட்ட காட்டுதீரு?"

அன்று ஆபீஸ் முடிந்த பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்தோம். ஜாக்கெட் தையல் கூலி எழுதினோம். பல் வைத்தியம் எழுதினோம். தலைக்கு எண்ணெய் தேய்த்து விடுவதை, கொழும்பு அழகு நிலையக் கட்டணத்தோடு வைத்து ஒப்பிட்டோம். மதியத் தூக்கம் இரண்டு மணி நேரம் என்று நான் எழுதியதை, "அதுக்குச் சந்தை இல்லை" என்று சார் அடித்தார். கடைசியாக, வீட்டில் சமைத்த சாப்பாடு, முப்பது நாள், மூன்று வேளை. கொழும்பில் அதற்கு மூன்று உணவு விடுதிகளின் விலையைப் பேச்சி கேட்டு அனுப்பினாள். போனில் கேட்டது ஆகாதே என்றேன். சார் காதில் விழாதது போல இருந்தார். இங்கத்திய பத்தியில் பூஜ்யம் போட்டுவிட்டு நான் தயங்கினேன்.

"மூணு கடை வேணுமே சார். அம்மா வீடு ஒண்ணுதானே இருக்கு?"

அவர் பென்சிலை என் கையிலிருந்து வாங்கி, குறிப்பு என்ற இடத்தில் தன் கையெழுத்திலேயே எழுதினார்: 'வேறு கடை இல்லை.'

டிக்கெட் கழிந்து, இன்னொரு டிக்கெட்டுக்கும் மிச்சம் வந்தது. பட்டியல் கொழும்புக்குப் போயிற்று. ஆனித் தேரோட்டத்துக்கு முந்தின வாரம் பேச்சி இரண்டு காலிப் பெட்டிகளோடு வந்து இறங்கினாள். இந்தத் தடவை மாப்பிள்ளையும் கூட வந்திருந்தார், இரண்டு நாள் இருந்து விட்டுப் போக. அண்ணாச்சி என்னைக் கடைக்குக் கூப்பிட்டு, "நம்ம விலை சார் போட்ட பட்டியல்தான் இது எல்லாத்துக்கும் காரணம்" என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். அவர் எனக்குக் குடிக்கக் கலர் வாங்கிவர எதிர்க்கடைக்குப் போன நேரத்தில் மாப்பிள்ளை என் பக்கத்தில் வந்து நின்றார். நான் அடக்கமாக, "பட்டியல் உபயோகமா இருந்துதா?" என்று கேட்டேன்.

"நீங்க அனுப்பினதுதானே? முதல் பக்கத்தில நைட்டி, மூணு பொத்தான் எண்டு பார்த்தன். என்னத்துக்கு இதெல்லாம் எண்டு மூடி வச்சிட்டன்," என்றார் அவர்.

"நீங்கதானே எழுதி அனுப்பச் சொன்னீங்க?"

"மாமா போன்ல அங்க அது மலிவு, இது மலிவு எண்டு ஒரு மணித்தியாலம் கதைச்சவர். போனை வைக்கிறதுக்காக எழுதி அனுப்புங்க எண்டு சொன்னன். டிக்கெட் தை மாசமே போட்டாச்சே, பேச்சிக்கும் சொல்லாம வச்சிருந்தன்." பிறகு கடைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார். "எங்க அம்மாவுக்கும் இவவுக்கும் ஒரே அடுப்படி. வருசத்துக்கு ஒரு மாசம் இவவை இங்க அனுப்பினாத்தான் மிச்சப் பதினொரு மாசமும் நான் நிம்மதியாச் சோறு தின்னலாம். ரெண்டு மடங்கு விலையெண்டாலும் அனுப்புவன். அதை உங்கட பட்டியல்ல போட்டிருந்தீங்களா?"

மூன்று நாள் அந்த அடுப்படியில் பொங்கிய சோற்றைத் தின்றிருக்கிறேன். அரிசி என்ன ரகம் என்பதைத்தான் கவனித்திருந்தேன்.

மறுநாள் ஆபீசுக்குப் போய் ஞானராஜ் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மாப்பிள்ளை முதல் பக்கத்தைத் தாண்டவில்லை, முக்கியமான ஒரே சேவை அதில் விடுபட்டிருக்கிறது என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றவில்லை. கைக்குட்டையை எடுக்கவில்லை. என்னை நேராகப் பார்த்துக் கேட்டார்:

"அந்த முதல் பக்கத்துல தேதியாவது சரியாப் போட்டிருந்தீரா?"